மாசுநீக்க வரிசையில் விசில் அடித்தது: வேதிக்கசிவு ஒத்திகையை எப்படி நடத்த வேண்டும்?

காற்றுத்திசை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வேதிப்பொருள் அவசரக் குழுவின் பயிற்சிப் பொறுப்பு இந்த வருடம்தான் என் கைக்கு வந்தது. போன மாதம் பெரிய ஒத்திகை ஒன்று நடத்தினோம். குளோரின் டன்னரில் (டன் கணக்கில் குளோரின் பிடிக்கும் உருளைக் கலன்) வால்வு கசிகிறது, இரண்டு பேர் முழு கெமிக்கல் சூட்டில் உள்ளே போய் அடைத்துவிட்டு வர வேண்டும். இதுதான் கதை. பார்வையாளர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் சரியாக அடைத்தார்கள். கைதட்டலும் கிடைத்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. மாசுநீக்கத்துக்கு ஒரே ஒரு வரிசை வைத்திருந்தோம். முதல் ஆளைக் கேமரா முன்னால் நிறுத்திப் பொறுமையாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றவரின் பி.ஏ. செட் (முதுகில் சுமக்கும் சுவாசக் கருவி) விசில் அடிக்கத் தொடங்கியது. அதாவது காற்று தீரப்போகிறது. அவசர அவசரமாக, கழுவாமலே ஜிப்பைத் திறந்து அவரை வெளியே எடுத்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அறிக்கையில் "ஒத்திகை சிறப்பாக நிறைவுற்றது" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது.

அடுத்த ஒத்திகைக்கு நான்கு மாதம் இருக்கிறது. இந்த முறை உண்மையில் எதையாவது கற்றுக்கொள்ளும்படி நடத்த ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய_வால்வு:

தம்பி, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. குளோரின் கையாளும் ஆலையில் அவசரக் குழுவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். நீங்கள் சொன்னது போன்ற விசிலை நானும் கேட்டிருக்கிறேன்.

முதலில் காற்றுக் கணக்கைப் பார்ப்போம். 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 2,040 லிட்டர் காற்று. உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், போகட்டும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் "50 நிமிட செட்" என்கிறார்கள். முழு சூட் போட்டுக்கொண்டு கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் 40 லிட்டரில் மூச்சு விட மாட்டார். 70 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குப் பத்து பார் இறங்கும். விசில் 55 பார் பக்கத்தில் அடிக்கும். ஆக, விசில் வரை கையில் இருப்பது 24 நிமிடம்.

அதில் சூட்டை மூடவும் சரிபார்க்கவும் 2 நிமிடம். உள்ளே நடக்க 4, திரும்பி வர 4, மாசுநீக்கத்துக்கு 6. மொத்தம் 16 போய்விட்டது. வேலை செய்ய மிச்சம் 8 நிமிடம்தான். உங்கள் ஆட்கள் எத்தனை நிமிடம் வேலை செய்தார்கள்? அந்தக் கணக்கை யார் வைத்திருந்தார்கள்? யாரும் வைத்திருக்கவில்லை என்றால் அந்த விசில் கட்டாயம் அடித்திருக்கும், முன்னால் நின்றவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். கசிந்தது குளோரின் வாயு. அதற்கு எதற்கு அவ்வளவு தேய்த்துக் கழுவல்? வாயு சூட்டின் மேல் தங்காது. திறந்த வெளியில் காற்றோட்டம், நிறையத் தண்ணீரில் ஒரு அலசல், அதுவே போதுமானதாக இருக்கும். பிரஷ், சோப்பு, மூன்று தொட்டி என்பதெல்லாம் பூச்சிமருந்து, ஃபீனால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் திரவங்களுக்கு. எந்தப் பொருள் என்று பார்த்து மாசுநீக்கத்தை முடிவு செய்யும் பழக்கமே உங்கள் குழுவில் இல்லை என்பதைத்தான் அந்த விசில் காட்டியிருக்கிறது. என் பார்வையில் உங்கள் ஒத்திகை தந்த மிகப் பெரிய பாடம் இதுதான்.

என் யோசனை: நான்கு மாதம் கழித்து ஒரு பெரிய ஒத்திகை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னது வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குறிக்கோள்.

---

மஞ்சள்சூட்:

பழைய_வால்வு அண்ணா, காற்றுக் கணக்கு அருமை. ஆனால் கடைசி வரியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் தீயணைப்புத் துறையில் ஹாஸ்மட் குழுவில், அதாவது அபாயப் பொருள்களைக் கையாளும் குழுவில், இருக்கிறேன்.

சின்னச் சின்ன ஒத்திகைகள் கையைப் பழக்கும், சரி. ஆனால் எங்கள் வேலையில் ஆட்கள் செத்தது ஸ்பானரைத் தவறாகப் பிடித்ததாலா? அமெரிக்காவின் கிங்மனில் 1973-இல் புரொப்பேன் ரயில் டேங்கர் எரிந்தபோது அதைக் குளிர்விக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 11 பேர் டேங்கர் வெடித்து இறந்தார்கள். 2013-இல் டெக்சஸில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு எரிந்தது. உள்ளே அமோனியம் நைட்ரேட். தகவல் வந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வெடித்துவிட்டது. இறந்த 15 பேரில் 12 பேர் உதவிக்குப் போனவர்கள். குழாய் பிடிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? இல்லை. "இதற்குக் கிட்டே போகாதே, ஊரைக் காலி செய்" என்ற முடிவை எடுக்க அவர்களிடம் போதிய தகவலும் இல்லை, அந்தப் பயிற்சியும் இல்லை.

நம் ஒத்திகை எல்லாமே ஒரே மாதிரிதான் முடிகிறது. சூட் போடுகிறோம், உள்ளே போகிறோம், அடைக்கிறோம், கைதட்டுகிறோம். வருடா வருடம் இதையே செய்தால் தலைவரின் மனத்தில் பதிவது ஒன்றுதான்: கசிவு என்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போகாமல் இருப்பதே சரியான விடையாக இருக்கும் ஒத்திகையை உங்களில் யாராவது நடத்தியதுண்டா? சூட்டைத் தொடாமலே, தொலைவை மட்டும் பிடித்துக்கொண்டு, காற்று வீசி வரும் பக்கம் நின்று, நாலு மணி நேரம் காத்திருப்பதும் ஒரு நடவடிக்கைதான். அதைப் பழகப் பெரிய ஒத்திகைதான் வேண்டும். முழுக் கட்டளை அமைப்பும் மேலதிகாரியின் நெருக்கடியும் இருந்தால்தான் அது பழகும்.

---

பழைய_வால்வு:

போகாமல் இருப்பதைப் பழக வேண்டும் என்பதை முழு மனதாக ஏற்கிறேன். நான் இருந்த இடத்தில் அதை ஒரு முறைகூடச் செய்ததில்லை. ஆனால் அதற்கு நூறு பேரும் ஆறு வண்டியும் எதற்கு? ஒரு மேசை, ஒரு வரைபடம், எட்டு பேர் போதுமே.

---

மேசைவரைபடம்:

கட்டுப்பாட்டு அறை ஆள் என்ற முறையில் உள்ளே வருகிறேன்.

மேசை ஒத்திகையால் முடியும், ஒழுங்காக எழுதினால். பெரும்பாலான இடங்களில் அது "நீங்கள் என்ன செய்வீர்கள்?" "விதிமுறைப்படி நடவடிக்கை எடுப்போம்" என்று இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அதை உடைக்கக் கடிகாரமும் சீட்டும் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சீட்டு நீட்டுங்கள். "காற்று திசை மாறிவிட்டது." "டிரைவரைக் காணவில்லை, உள்ளே இருக்கலாம் என்கிறார்கள்." "ஆலை மேலாளர் பொருளின் பெயரை மாற்றிச் சொல்கிறார்." டிரைவர் சீட்டு வந்தவுடன் எல்லோருக்கும் உள்ளே ஓடத் தோன்றும். மஞ்சள்சூட் சொல்லும் அந்த முடிவை அங்கேயே சோதித்துவிடலாம்.

நாங்கள் செய்து பார்த்ததில் மிகவும் பயன்பட்டது வெறும் வாக்கி-டாக்கியை வைத்துச் செய்யும் பயிற்சி. அபாயப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஐ.நா. எண் ஒன்று உண்டு, குளோரினுக்கு 1017. வாக்கி-டாக்கியில் சொல்லும்போது ஒருவர் 1071 என்று எழுதிக்கொண்டார். அது எண்ணெய் வாயுவின் எண், எரியும் நச்சு வாயு. ஈ.ஆர்.ஜி. என்ற அவசர நடவடிக்கைக் கையேட்டில் குளோரினுக்கு வழிகாட்டி 124, இதற்கு வேறு பக்கம். ஆக, குளோரினுக்கான அறிவுரைக்குப் பதில் வேறொரு வாயுவுக்கான அறிவுரை வாசிக்கப்பட்டது. எழுதியவர் கெட்டிக்காரர், பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். அன்று முதல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது, பொருளின் பெயரையும் சேர்த்துச் சொல்வது என்று மூன்று படி வைத்தோம். இதைப் பழக இருபது நிமிடம் போதும், ஒரு சூட்டும் நனையாது.

---

புதுவரவு:

குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். எங்கள் ஒத்திகைகளில் கேஸ் டிடெக்டரைக் கையில் கொடுக்கிறார்கள், ஆனால் அது எப்போதும் பூஜ்யம்தான் காட்டுகிறது, உண்மையான வாயு இல்லாததால். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று "இப்போது நாற்பது என்று வைத்துக்கொள்" என்கிறார். அதில் நான் எதையும் கற்பதாகத் தெரியவில்லை. வேறு வழி உண்டா?

---

மஞ்சள்சூட்:

நல்ல கேள்வி தம்பி. நாங்கள் அளவீடுகளை அட்டையில் எழுதித் தரையில் கவிழ்த்து வைத்துவிடுவோம். அந்த இடத்துக்கு நடந்து போய், குனிந்து எடுத்துத்தான் பார்க்க முடியும். வேகமாக நடந்தால் அடுத்த அட்டையைத் தாண்டிவிடுவார்கள். டிடெக்டர் அளவைக் காட்டச் சில நொடிகள் பிடிக்கும் என்பதைக் கால் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

அட்டையில் ஒரே எண்ணை எழுதக் கூடாது, டிடெக்டர் காட்டும் நான்கையும் (ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு) எழுத வேண்டும். பிறகு "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஆக்சிஜன் 19.9, மற்ற மூன்றும் பூஜ்யம். நிறையப் பேர் "19.5-க்கு மேல் இருக்கிறது, பரவாயில்லை" என்று நடந்துவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். 20.9 ஆக இருந்த ஆக்சிஜன் ஒரு சதவீதம் குறைந்தால் அந்த இடத்தில் காற்றில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வேறு எதுவோ தள்ளிவிட்டது என்று பொருள். 5 சதவீதம் என்றால் 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50,000 பங்கு). குளோரினுக்கு உயிர் ஆபத்து எல்லையாக வைத்திருப்பது 10 பிபிஎம், அமோனியாவுக்கு 300. உங்கள் டிடெக்டரில் அந்தப் பொருளுக்கு சென்சாரே இல்லாததால்தான் மற்ற மூன்றும் பூஜ்யம்.

அதே மாதிரி, ஆக்சிஜன் மிகக் குறைவான இடத்தில் எல்.இ.எல். (எரியும் வாயு) அளவை நம்பக் கூடாது, அந்த சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். புற ஊதா ஒளியால் ஆவிகளைக் கண்டறியும் பி.ஐ.டி. கருவி, 10.6 eV விளக்கு போட்டிருந்தால், மீத்தேனைப் பார்க்கவே பார்க்காது. இந்த மூன்றையும் மூன்று அட்டைத் தொகுப்பாகச் செய்து நடக்கவிடுங்கள். ஒரு மாலை வேளை போதும். (சின்ன ஒத்திகைக்கு நானே ஆதரவாகப் பேசுகிறேன் என்று பழைய_வால்வு அண்ணா கவனித்திருப்பார். கையைப் பழக்குவதற்கு அதுதான் சரி என்று முதலிலேயே சொன்னேன்.)

---

அவசரப்பிரிவு_செவிலி:

இவ்வளவு பேசியும் மருத்துவமனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஒத்திகைகளில் பாதிக்கப்பட்டவர்களாக நடிப்பவர்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ளவர்கள். கோட்டுக்குள் நிற்கச் சொன்னால் நிற்பார்கள், வரிசையாகக் கழுவிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுவார்கள். நிஜத்தில் யார் நிற்பார்கள்? 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நச்சை விட்டபோது மக்கள் நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். செயின்ட் லூக்ஸ் என்ற ஒரே மருத்துவமனைக்கு முதல் நாளில் மட்டும் 640 பேர். உடுத்திய துணியோடு, கழுவாமல் உள்ளே வந்தார்கள். அந்தத் துணியிலிருந்து வந்த ஆவியால் ஊழியர்களுக்கே கண் மங்கியது. ஆம்புலன்ஸ் பணியாளர்கள் 1,364 பேரில் 135 பேருக்கு அறிகுறி வந்தது.

எனவே அடுத்த ஒத்திகையில் நடிகர்களில் பத்து பேரிடம் இரகசியமாகச் சொல்லுங்கள்: "குழு வருவதற்குள் கிளம்பி நேராக மருத்துவமனை வாசலுக்குப் போய்விடுங்கள்." எங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், பொறுப்பு மருத்துவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் வாசலில் யார் அவர்களை நிறுத்துகிறார், துணியை எங்கே கழற்றுகிறார்கள் என்று பார்ப்போம். துணியைக் கழற்றினாலே மாசில் பெரும்பகுதி போய்விடும் என்று நமக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெண்களைத் தெருவில் துணியைக் கழற்றச் சொன்னால் யார் கழற்றுவார்கள்? திரை, போர்வை, பெண் ஊழியர் இந்த மூன்றும் இல்லாத மாசுநீக்கக் கூடாரம் கூட்டத்தில் பாதிக்குப் பயன்படாது. இது எந்த ஒத்திகை அறிக்கையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நன்றாகக் கழுவினோமா என்று எப்படித் தெரியும்? புற ஊதா விளக்கில் மின்னும் பொடி கிடைக்கிறது. கழுவும் முன் தடவிவிட்டு, கழுவிய பின் இருட்டறையில் விளக்கடித்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால், கடிகாரப் பட்டைக்கு அடியில், கையுறை முடியும் மணிக்கட்டில் மின்னும். நேரில் பார்த்த ஊழியர் பிறகு மணிக்கட்டை மறப்பதில்லை.

---

மஞ்சள்சூட்:

செவிலி அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். பெரிய ஒத்திகையைச் சொல்லாமல் கொள்ளாமல் நடத்தினால் என்ன? தேதி தெரிந்தால் எல்லோரும் முந்தின நாளே சூட்டைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள்.

---

பழைய_வால்வு:

கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், காரணம் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு நான் கலந்துகொண்ட ஒரு திடீர் ஒத்திகையில், சூட்டுக்குள் இருந்த ஒருவர் வெப்பம் தாங்காமல் சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். "நன்றாக நடிக்கிறார்" என்று ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் யாரும் ஜிப்பைத் தொடவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு குழுவுக்குத் திரும்பவில்லை. அன்று உள்ளே போகும் முன் யாருக்கும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்கவில்லை. திடீர் ஒத்திகை, அவசரம், அதனால் விட்டுவிட்டார்கள்.

சூட்டுக்குள் வியர்வை ஆவியாகாது, உடல் குளிர வழியே இல்லை. ஒத்திகையின் வெப்பம் நிஜ வெப்பம்தான். அதனால் எந்த ஒத்திகையிலும் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. எதையும் நிறுத்தும் அதிகாரத்தோடு, கதையில் எந்த வேடமும் இல்லாத ஒரு பாதுகாப்பு அலுவலர். "உண்மை, உண்மை, உண்மை" என்று மூன்று முறை சொன்னால் எல்லாம் நிற்கும் என்ற ஒப்பந்தம், அதைத் தொடங்கும் முன் எல்லோரையும் உரக்கச் சொல்லவைப்பது. உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை. முழுக்கத் தயாரான மாற்றுக் குழு, அதையும் வேடமாக இல்லாமல் உண்மையாகவே வைப்பது. பயிற்சி சூட்டுகள் தனி நிறத்தில், தனி அலமாரியில். கிழிந்த பயிற்சி சூட் ஒன்று நிஜ அழைப்புக்குப் போய்விட்டால் அப்புறம் என்ன சொல்லி என்ன.

சூட் துடைத்து வைத்திருப்பதுதான் கவலை என்றால் திடீர் ஒத்திகைக்குப் பதில் திடீர் ஆய்வு செய்யுங்கள். அலமாரியைத் திறந்து சிலிண்டர் அழுத்தம் பாருங்கள், டிடெக்டருக்குச் சோதனை வாயு காட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கும் பம்ப் டெஸ்ட் (bump test) செய்யச் சொல்லுங்கள். யாருக்கும் அடிபடாது.

---

மஞ்சள்சூட்:

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அழைப்பு வந்து குழு கூடும் வரை மட்டும் திடீரென்று, சூட் போடுவதற்கு முன் நிறுத்திவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

---

காற்றுத்திசை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், காரணம் இரண்டு சின்ன ஒத்திகை முடித்துவிட்டேன்.

முதலாவது, காற்றுக் கணக்கும் மாசுநீக்கமும் மட்டும். கசிவு கிடையாது, டன்னர் கிடையாது. இரண்டு பேர் சூட் போட்டு, நடந்து போய், மணல் மூட்டையை இடம் மாற்றிவிட்டு, திரும்பி வந்து கழுவிக்கொள்ள வேண்டும். பார்வையாளர் யாரையும் அழைக்கவில்லை. முதல் சுற்றில் ஒருவரைக் கழுவ 9 நிமிடம் ஆனது. பாதி நேரம் பிரஷ்ஷைத் தேடுவதிலும், குனிய முடியாதவரின் பூட்ஸ் அடியைக் கழுவுவதிலும் போனது. கைப்பிடியுள்ள ஒரு ஸ்டூல் போட்டோம், பிரஷ்ஷை வலது பக்கம் கட்டித் தொங்கவிட்டோம், இரண்டாவது வரிசை ஒன்று அமைத்தோம். நான்காவது சுற்றில் 5 நிமிடம். வெளியில் ஒருவர் பலகையில் இருவரின் அழுத்தத்தையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினார். 180 பார் வந்தால் வேலை எந்த நிலையில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று வைத்தோம். பழைய_வால்வு ஐயா கணக்கின்படி அந்த இடத்தில் விசிலுக்கு இன்னும் 12 நிமிடம் இருக்கும். நான்கு சுற்றிலும் விசில் அடிக்கவில்லை.

இரண்டாவது, மேசை ஒத்திகை. உரக் கிடங்கில் நெருப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவில்லை, காவலாளியைக் காணவில்லை. எங்கள் தலைவர் பதினொன்றாவது நிமிடத்தில் ஆட்களை உள்ளே அனுப்பினார். சரக்குப் பட்டியல் சீட்டு பதினான்காவது நிமிடத்தில்தான் வந்தது. அதை வாசித்துவிட்டு அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பட்டியல் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும், இன்னொரு முறை வையுங்கள்" என்று அவரே கேட்டார். அறிக்கையில் அதை அப்படியே எழுதட்டுமா என்றேன். எழுது என்றார்.

போன மாத அறிக்கையையும் திருத்தி, விசில் அடித்ததைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

---

பழைய_வால்வு:

அந்தத் தலைவரை விட்டுவிடாதீர்கள் தம்பி.

அடுத்தது டன்னர் பயிற்சிக்குப் போகும்போது காலி டன்னரை வைத்துப் பழகாதீர்கள். திரவம் கசியும் இடம் மேலே வரும்படி உருட்டிவிட்டால் திரவத்துக்குப் பதில் வாயுவாக வெளியேறும், கசிவு வெகுவாகக் குறையும் என்று எல்லோருக்கும் பாடம் தெரியும். ஒரு பங்கு திரவம் 460 பங்கு வாயுவாக விரியும் என்பதால் அந்த ஒரு உருட்டலுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் நிறைந்த டன்னர் ஒன்றரை டன்னுக்கும் மேல். காலி டன்னரை இரண்டு பேர் கையால் உருட்டிப் பழகிவிட்டு, நிஜத்தில் அசைக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் நிரப்பி எடையைக் கொண்டு வாருங்கள், கடப்பாரையோடு பழகுங்கள். அதைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி, பெரிதாக எழுதி வையுங்கள், மறுபடி குளோரினுக்குப் போகவே கூடாது. கசியும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், குளோரினும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

---

அவசரப்பிரிவு_செவிலி:

இரண்டாவது வரிசை போட்டீர்களே, அதில் திரை இருந்ததா?

---

காற்றுத்திசை:

இல்லை அக்கா. குழுவினரை மட்டும் கழுவியதால் தோன்றவில்லை. அடுத்த மாதம் பொதுமக்கள் மாசுநீக்கம் மட்டும் தனியாக வைக்கிறேன், மின்னும் பொடியோடு. திரைக்கும் போர்வைக்கும் சொல்லிவிட்டேன், குழுவில் இருக்கும் இரண்டு பெண்களிடம் கூடாரத்தின் அமைப்பை வரைந்து தரக் கேட்டிருக்கிறேன். உங்கள் மருத்துவமனை வாசலில் எத்தனை பேரை நிறுத்தி வைக்க இடம் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், அதே அளவில் இங்கே அமைத்துப் பார்க்கிறேன்.